எச்.எஸ்.கே 5, 6: சீன இலக்கணத்தை எந்த வழியில் படிப்பது?

சீன மொழித் திறனை அளக்கும் எச்.எஸ்.கே தேர்வில் நான்காம் நிலையை முடித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. "இதுவரை பாடநூலை வைத்தே சமாளித்துவிட்டேன். ஐந்துக்கும் ஆறுக்கும் இலக்கணத்தைத் தனியாகப் படிக்க வேண்டுமா? நல்ல இலக்கண நூல் ஒன்று வாங்கட்டுமா, டியூட்டர் வைத்துக்கொள்ளட்டுமா, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தால் போதுமா?"

நான்காம் நிலை வரை இந்தக் குழப்பம் வராததற்குக் காரணம் இருக்கிறது. 2010இல் வந்த ஆறு நிலை வடிவத்தில் நான்காம் நிலைக்கு 1200 சொற்கள் போதும். பாடநூல் ஒவ்வொரு பாடத்திலும் சில வாக்கிய அமைப்புகளைச் சொல்லித்தரும், தேர்விலும் அவையே வரும். ஐந்தாம் நிலைக்குச் சொற்கள் 2500 ஆகின்றன, ஆறாம் நிலைக்கு 5000 ஆகின்றன. புதிய இலக்கணம் அந்த வேகத்தில் கூடுவதில்லை. ஏற்கெனவே தெரிந்த இலக்கணமே புதிய சொற்களோடு சேர்ந்து நுணுக்கமாகிறது. அதனால்தான் "எனக்கு எல்லா இலக்கணமும் தெரியும், ஆனால் மதிப்பெண் வரவில்லை" என்ற நிலைமை உண்டாகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து, ஆறாம் நிலைக்குப் படிக்கும் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது இன்னொரு இலக்கண நூல் இல்லை. சொந்தமாக எழுதி, அதை ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கும் பழக்கம்தான் வேண்டும். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் கீழே பார்க்கலாம்.

(சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் தருகிறேன், தொனிக் குறிகளும் இல்லை. நான்காம் நிலை முடித்தவர்களுக்கு எந்தச் சொல் என்று உடனே பிடிபடும்.)

## முதலில், தேர்வில் இலக்கணம் எங்கே இருக்கிறது?

தேர்வில் "இலக்கணம்" என்ற பெயரில் தனிப் பகுதி எதுவும் கிடையாது. அது வேறு வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது. ஆறு நிலை வடிவத்தில் இப்படி:

| நிலை, பகுதி | என்ன செய்ய வேண்டும் | கேள்விகள் |
|---|---|---|
| 5, வாசிப்பு முதல் பிரிவு | கோடிட்ட இடத்துக்குச் சரியான சொல் அல்லது வாக்கியம் | 15 |
| 5, எழுத்து முதல் பிரிவு | கலைத்துப் போட்ட சொற்களை வரிசைப்படுத்தி வாக்கியமாக்குவது | 8 |
| 5, எழுத்து இரண்டாம் பிரிவு | சுமார் 80 எழுத்துகளில் சிறு பத்தி | 2 |
| 6, வாசிப்பு முதல் பிரிவு | நான்கு வாக்கியங்களில் பிழையானதைக் கண்டுபிடிப்பது | 10 |
| 6, வாசிப்பு இரண்டாம் பிரிவு | ஒரு பத்தியில் பல கோடிட்ட இடங்கள் | 10 |
| 6, எழுத்து | சுமார் 1000 எழுத்துள்ள கதையைப் படித்து 400 எழுத்தில் சுருக்குவது | 1 |

ஆறாம் நிலைக்குப் படிக்கிறவர்கள் பிழை வாக்கியப் பிரிவைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். இலக்கண நூலைத் தேடி ஓட வைப்பதும் அதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசிப்பில் 50 கேள்விகளுக்கு 100 மதிப்பெண், அதாவது கேள்விக்கு ஏறத்தாழ 2. பத்துப் பிழை வாக்கியங்களும் சேர்ந்து 300க்கு 20தான். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே நான்கில் ஒன்று சரியாகும், அதில் சுமார் 5 வந்துவிடும். மாதக்கணக்கில் உழைத்துப் பத்தில் ஏழு சரியாகப் போட்டால் 14. ஆக, அந்த உழைப்பு முழுவதும் தருவது 9 மதிப்பெண்.

எழுத்துப் பகுதியோ தனியாக 100 மதிப்பெண். பத்து நிமிடம் கதையைப் படிக்க விடுவார்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு, 35 நிமிடத்தில் நினைவிலிருந்து எழுதச் சொல்வார்கள். அங்கே உங்கள் இலக்கணம் வாக்கியத்துக்கு வாக்கியம் வெளிப்படும். பிழை வாக்கியத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இங்கே செலவிட்டாலும் பலன் அதிகம்.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தரநிலை மூன்று கட்டங்கள், ஒன்பது நிலைகள் கொண்டது. அதில் மொத்தம் 572 இலக்கணக் கூறுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. ஐந்தாம் நிலைக்கு 71, ஆறாம் நிலைக்கு 67, ஏழு முதல் ஒன்பது வரை சேர்த்து 148. அந்த உயர்நிலைத் தேர்வு முதன்முதலில் 2022 நவம்பரில் நடந்தது. அதில் மொழிபெயர்ப்பும் பேச்சும் ஒரே தேர்வுக்குள் வந்துவிடுகின்றன. புதிய நிலைகளும் பழைய ஆறு நிலைகளும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தாது. எனவே ஒரு நூலின் அட்டையில் "ஆறாம் நிலை" என்று இருந்தால், எந்த ஆறாம் நிலை என்று பார்த்து வாங்குங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது: இந்த வழி எதைப் பழக்குகிறது? சரியான வாக்கியத்தைக் கண்டால் அடையாளம் காண்பது ஒரு திறமை, அதைத் தானாக எழுதுவது வேறு திறமை. முன்னது இருப்பதாலேயே பின்னது வந்துவிடாது.

இரண்டாவது: என் பிழையை எனக்கு யார் சொல்வார்கள்? உயர்நிலையில் பிழைகள் பெரும்பாலும் எழுதியவர் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டோம்.

மூன்றாவது: இது தமிழ் பேசுகிறவருக்குப் பொருந்துமா? உயர்நிலை விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கும், அல்லது சீனத்திலேயே இருக்கும். ஆங்கில விளக்கம் ஆங்கிலம் பேசுகிறவர் தடுமாறும் இடத்தில் நீளும். நாம் தடுமாறும் இடம் வேறு.

நான்காவது, பணமும் நேரமும். இதில் வெளியே தெரியும் செலவைவிடத் தெரியாத செலவுதான் பெரிது.

## இலக்கண நூலை வரிசையாகப் படிப்பது

இதன் கவர்ச்சி புரிகிறது. எல்லாம் ஒரே இடத்தில், ஒழுங்காக, எண் போட்டு இருக்கும். ஒவ்வொரு நாளும் இரண்டு கூறு முடித்தால் இத்தனை நாளில் முடிந்துவிடும் என்று திட்டம் போடலாம். செலவும் ஒரே தடவைதான். காசு கொடுக்காமலே வேண்டுமென்றால் ஆல்செட் லேர்னிங் என்ற சீன மொழிப் பயிற்சி நிறுவனம் நடத்தும் சைனீஸ் கிராமர் விக்கி என்ற இணையதளம் இருக்கிறது. நிலைவாரியாக, நிறைய எடுத்துக்காட்டுகளோடு, ஆங்கிலத்தில்.

ஒத்த சொற்களைப் பிரித்தறிய நூலைப் போல உதவுவது வேறில்லை. தூரான், ஹூரான் இரண்டும் "திடீரென்று"தான். ஆனால் தூரான் பெயரடையாகவும் வரும், அதன் முன் "மிக" என்று பொருள் தரும் "ஹென்" போடலாம். ஹூரானுக்கு அது முடியாது. வாங்வாங், ச்சாங்ச்சாங் இரண்டையும் "அடிக்கடி" என்று மனப்பாடம் செய்திருப்போம். வாங்வாங் இதுவரை நடந்ததைப் பார்த்து "பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது" என்று சொல்வது. "இனிமேல் அடிக்கடி வாருங்கள்" என்று அழைக்க ச்சாங்ச்சாங் மட்டுமே பொருந்தும். இதையெல்லாம் ஊகித்துக் கற்க வருடங்கள் ஆகும். நூலில் அரைப் பக்கத்தில் இருக்கிறது.

மறைவான செலவு இரண்டு. ஒன்று, நேரம் தவறான இடத்தில் போவது. "நான் நேற்று வாங்கிய புத்தகம்" என்பதைச் சீனத்தில் "வோ ஸுவோதியென் மை த ஷூ" என்கிறோம். சொல்லுக்குச் சொல் தமிழின் வரிசையே. பெயருக்கு முன்னால் எவ்வளவு நீளமான அடைமொழித் தொடர் வந்தாலும் நமக்கு உறுத்தாது. ஆங்கில வழி நூல்கள் இதற்குப் பல பக்கங்கள் ஒதுக்கும், நாம் அவற்றைத் தாண்டிப் போகலாம். லியென்… தோவ் அமைப்பும் அப்படியே. "தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது" என்று தினமும் பேசுகிற நமக்கு அது இயல்பாக வந்துவிடும்.

நாம் கவிழ்வது "பா" வாக்கியத்தில். செயப்படுபொருளை வினைக்கு முன்னால் கொண்டுவரும் அமைப்பு என்றதும் தமிழருக்கு வீட்டுக்கு வந்தது போல இருக்கும். "புத்தகத்தைப் படித்தேன்" என்ற வரிசைதானே! "புத்தகம் படித்தேன்", "புத்தகத்தைப் படித்தேன்" இரண்டுக்கும் இடையே நாம் உணரும் வேறுபாடும் ஓரளவு உதவும். பா-வுக்குப் பின் வரும் பொருளும் இன்னதென்று தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். அங்கிருந்துதான் சிக்கல். வெறும் வினையோடு பா வாக்கியம் நிற்காது. "வோ பா ஷூ கான்" என்று விட முடியாது. "வோ பா ஷூ கான் வான் ல" என்று படித்து முடித்ததைச் சொல்ல வேண்டும். அந்தப் பொருளுக்கு என்ன ஆயிற்று என்பது வினைக்குப் பின்னால் வந்தே ஆக வேண்டும். தெரிதல், விரும்புதல், இருத்தல் போன்ற வினைகளுக்குப் பா வராது. "இந்த விஷயத்தைத் தெரிந்துகொண்டேன்" என்று தமிழில் நினைத்துக்கொண்டு ஜிர்தாவ் என்ற வினைக்கு முன் பா போடுவது நம்மவர்கள் செய்யும் பிழை. ஆங்கிலம் பேசுகிறவர் பா-வைப் போடத் தயங்குவார், நூலும் அவரை "தைரியமாகப் போடுங்கள்" என்று ஊக்கப்படுத்தும். நமக்கு வேண்டிய அறிவுரை அதற்கு நேர் எதிரானது.

வினை முடிந்ததைக் காட்டும் "ல" விஷயமும் இதே. தமிழில் "நேற்று மகிழ்ச்சியாக இருந்தேன்" என்று இறந்தகாலம் வந்தே தீரும். அந்தப் பழக்கத்தில் ல போட்டுவிடுகிறோம். சீனத்தில் அங்கே ல வராது. "போகவில்லை" என்று "மெய்" என்ற எதிர்மறைச் சொல்லைப் போட்ட பிறகும் வராது.

இரண்டாவது மறைவான செலவு, தெரிந்துவிட்டது என்ற உணர்வு. எடுத்துக்காட்டைப் படித்தால் புரிகிறது, பயிற்சியில் சரியாகப் பொருத்துகிறோம், பக்கத்தைத் திருப்புகிறோம். இரண்டு வாரம் கழித்து எழுதும்போது அந்த அமைப்பு கைக்கு வராது.

யாருக்கு இது நல்ல வழி? பேச்சு வழியாகச் சீனம் கற்றவர்களுக்கு. சீனாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டே காதால் கற்று, சரளமாகப் பேசுகிற ஒருவருக்கு இடையிடையே பெரிய ஓட்டைகள் இருக்கும். அவர் ஒரு தடவை நூலை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பது வீண்போகாது. மற்றவர்கள் நூலை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு, சந்தேகம் வரும்போது மட்டும் அகராதி போலப் புரட்டினால் போதும்.

## தேர்வுப் பாடநூலும் பழைய வினாத்தாள்களும்

தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான் வழி. காரணம், தேர்வு வைப்பவர்களுக்கும் பழக்கங்கள் உண்டு. ஆறாம் நிலைப் பிழை வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வரும் வகைகள் கைவிரல்களுக்குள் அடங்கும்.

எழுவாய் காணாமல் போவது: "தோங்குவோ…" என்று தொடங்கி நடுவில் "ஷிர்…" வரும். "இந்தப் பயணத்தின் மூலமாக என்னை நிறையக் கற்றுக்கொள்ள வைத்தது." யார் வைத்தது? தமிழில் படித்தாலே நொண்டுவது தெரிகிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

ஒரே பொருள் இரண்டு தடவை: "தாயுவே" என்று தொடங்கி "ஸுவோயோவ்" என்று முடிப்பது. "ஏறத்தாழ ஐம்பது பேர் அளவுக்கு" என்பது போல.

எதிர்மறை கூடிப்போவது: தவிர்ப்பது என்ற பொருள் தரும் பிமியென் வந்த பிறகு இன்னொரு "இல்லை". விபத்து மீண்டும் நடக்காமலிருப்பதைத் தவிர்ப்போம் என்று ஆகிவிடும்.

ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் ஒன்று: "நெங்ஃபோவ்" என்று "முடியுமா முடியாதா" என இரு பக்கமும் கேட்டுவிட்டு, பின்பாதியில் "வெற்றிக்கு அதுவே காரணம்" என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் பதில் சொல்வது.

இணைப்புச் சொல் ஜோடி மாறுவது: ஜிர்யாவ் வந்தால் ஜியோவ், ஜிர்யோவ் வந்தால் ட்ஸை. முன்னது "இது இருந்தாலே போதும்", பின்னது "இது இருந்தால்தான் நடக்கும்". தமிழில் "போதும்", "தான்" இரண்டையும் மாற்றிப் போட்டால் எப்படிக் கெடுமோ அப்படி.

இவற்றோடு சொற்சேர்க்கைப் பிழையையும் சேர்த்தால், வரும் பிழைகளில் பெரும் பங்கைப் பிடித்துவிடலாம். ஒரு நூறு பிழை வாக்கியங்களை வகை பிரித்து ஒரு நோட்டில் எழுதினாலே கண் பழகிவிடும். அதற்கு மேல் அந்தப் பிரிவில் உழைக்க வேண்டாம். தேர்வறையிலும் அதைக் கடைசியில் செய்யுங்கள். 50 நிமிடத்தில் 50 கேள்வி என்கிற இடத்தில், முதல் பத்திலேயே இருபது நிமிடம் போனால் நீண்ட பத்திகளில் சுலபமாகக் கிடைக்கும் மதிப்பெண்கள் போய்விடும்.

ஐந்தாம் நிலையின் சொல் வரிசைப் பிரிவுக்கும் இந்த வழி நன்றாக வேலை செய்யும். எட்டு வாக்கியங்களில் பா வாக்கியம், செயப்பாட்டு வாக்கியம், "த" என்று ஒரே ஒலியில் வரும் மூன்று எழுத்துகளை இடம் பார்த்துப் போடுவது, இவை மாறி மாறி வரும்.

குறை என்னவென்றால், வெளியிடப்பட்ட வினாத்தாள்களின் எண்ணிக்கை அளவானது. ஒரு தடவை செய்த தாளை மறுபடி செய்தால் நினைவுதான் விடை சொல்கிறது. எனவே முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிடாதீர்கள், குறைந்தது மூன்று தாள்களைக் கடைசி மூன்று வாரத்துக்கு எடுத்து வையுங்கள். அப்புறம், விடைக் குறிப்பு "இது சரி" என்று மட்டுமே சொல்லும். ஏன் மற்றது தவறு என்று சொல்லும் விளக்கம் பெரும்பாலும் சீனத்தில் இருக்கும், அதைப் படிப்பதே ஒரு பாடம். இந்த வழி எழுதப் பழக்காது என்பதும் உண்மை. வாசிப்பில் மதிப்பெண் ஏறி, எழுத்து அப்படியே நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரே வழியில் படித்தவர்கள்தான்.

## தனி ஆசிரியர்

செலவு அதிகம். மணிக்கணக்கில் பணம் போகும். ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு நேராகப் பதில் தருவது இது ஒன்றுதான்.

உயர்நிலையில் ஒருவரின் பிழைகள் அவருக்கே உரியவை. இருபது சுருக்கங்களை எழுதித் திருத்தி வாங்கினால், அவற்றில் இருக்கும் பிழைகள் எல்லாம் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம். ஒருவருக்கு ல, ஒருவருக்குத் திசைத் துணைச்சொற்கள். ஷியாங் ச்சிலை என்றால் மறந்தது நினைவுக்கு வருவது, ஷியாங் ச்சூலை என்றால் புதிதாக ஒன்றை யோசித்துக் கண்டுபிடிப்பது. கதைச் சுருக்கம் எழுதும்போது இது மாறிப்போனால் கதையே மாறிவிடும். "அவனுக்கு ஒரு வழி நினைவுக்கு வந்தது" என்பதும் "அவன் ஒரு வழி கண்டுபிடித்தான்" என்பதும் வேறு வேறு. எந்த நூலும் உங்களுக்கு எது தடுமாறுகிறது என்று சொல்லாது.

பணத்துக்குப் பலன் கிடைக்க வேண்டுமென்றால் வகுப்பை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது முக்கியம். வகுப்புக்கு முந்தின நாளே 400 எழுத்துச் சுருக்கத்தை அனுப்பிவிடுங்கள். திருத்தி எழுதித் தர வேண்டாம், பிழை இருக்கும் இடத்தில் அடிக்கோடு மட்டும் போடுங்கள் என்று கேளுங்கள். வகுப்பில் நீங்களே திருத்திப் பாருங்கள். முடியாத இடத்தில் மட்டும் ஆசிரியர் விளக்கட்டும். அடுத்த வாரம் அதே அமைப்பை வேறு கதையில் கட்டாயம் பயன்படுத்துங்கள். இப்படிச் செய்தால் வாரத்துக்கு ஒரு மணி நேரமே போதும்.

இதில் மறைவான செலவு, வகுப்பு அரட்டையாக மாறுவது. இனிமையாகப் பேசுகிற ஆசிரியர், ஒரு மணி நேரம் சாப்பாடு, ஊர், சினிமா என்று போய்விடும். பேச்சு வளரும், ஆனால் நீங்கள் பணம் கொடுத்தது அதற்காக இல்லை. இன்னொன்று, சீனத்தைத் தாய்மொழியாகப் பேசுகிற எல்லோராலும் இலக்கணத்தை விளக்க முடியாது. "அப்படிச் சொல்ல மாட்டோம்" என்பார்கள், ஏன் என்று கேட்டால் திணறுவார்கள். நாமும் தமிழ் இலக்கணத்தில் அப்படித்தானே? அயல்நாட்டவருக்குச் சீனம் கற்பிக்கப் பயிற்சி பெற்றவரா, சர்வதேச சீன மொழி ஆசிரியர் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். முதல் வகுப்பில் வாங்வாங், ச்சாங்ச்சாங் வேறுபாட்டைக் கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் தெளிவாகச் சொன்னால் அவரே போதும்.

எழுத்தில் 60ஐத் தாண்டாதவர்களுக்கும், சீனாவில் முதுநிலைப் படிப்புக்குப் போய் ஆய்வேடு எழுத வேண்டியவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஐந்தாம் நிலைக்கு முதன்முறையாகப் படிக்கிறவருக்கு உடனே தேவையில்லை. இன்னும் ஆயிரம் சொற்கள் கற்ற பிறகு வைத்துக்கொண்டால் அதே பணத்துக்கு இரண்டு மடங்கு கற்பீர்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளை ஆசிரியருக்குப் பதில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். திருத்துவதற்கு நன்றாகவே உதவும். ஆனால் ஒரு பிழையைக் காட்டச் சொன்னால் பத்தியையே அழகாக மாற்றி எழுதித் தந்துவிடும், எது பிழை, எது அதன் விருப்பம் என்று பிரித்தறிய முடியாது. சில நேரம் இல்லாத விதியையும் உறுதியோடு சொல்லும். சந்தேகமான சொற்சேர்க்கையைப் பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகத்தின் பி.சி.சி சொல்வங்கியில் தேடிப் பாருங்கள். சீனர்கள் உண்மையிலேயே அப்படி எழுதுகிறார்களா என்பது தெரிந்துவிடும். அதே பல்கலைக்கழகம் எச்.எஸ்.கே கட்டுரைத் தொகுப்பு ஒன்றையும் வைத்திருக்கிறது. 1992 முதல் 2005 வரை அயல்நாட்டவர் அந்தக் கால உயர்நிலைத் தேர்வில் எழுதிய 11,569 கட்டுரைகள், பிழைகள் குறிக்கப்பட்டு இருக்கின்றன. ஆசிரியருக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு இது பொக்கிஷம். மற்றவர்கள் பா-வை எப்படித் தவறாக எழுதியிருக்கிறார்கள் என்று நூறு வாக்கியம் பார்த்தால் நம் எழுத்திலும் அது கண்ணில் படத் தொடங்கும்.

## குழு வகுப்பு

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நான்காம் நிலை வரை குழு வகுப்பு மிக நல்லது. அதற்கு மேல் ஒரே வகுப்பில் பத்துப் பேருக்குப் பத்து வகைப் பிழைகள் இருக்கும், உங்கள் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். எழுதிக் கொடுத்ததைத் திருத்தித் தருவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால், அது ஆசிரியர் வாசிக்கும் பாடநூல் மட்டுமே.

இரண்டு விதிவிலக்குகள். தனியாக உட்கார்ந்தால் படிப்பே ஓடாது என்கிறவர்களுக்கு நேர அட்டவணையே பாதி மருந்து. சீனப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவமோ ஒரு வருடமோ மொழிப் படிப்பில் சேர வாய்ப்புள்ளவர்களுக்கு அது தனி உலகம். காலையில் வகுப்பில் கற்ற அமைப்பை மாலையில் கடைத்தெருவில் கேட்கலாம். அப்படிப்பட்ட படிப்புக்குச் சீன அரசின் பக்கமிருந்து உதவித்தொகைகளும் இருக்கின்றன, எச்.எஸ்.கே மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பிக்கலாம்.

## நிறைய வாசிப்பது

மெதுவான வழி. ஆனால் ஆறாம் நிலைக்கு மேல் போக நினைப்பவர்களுக்கு இதைத் தவிர்க்கவே முடியாது.

காரணம் எழுத்து நடை. பேச்சில் பா வரும் இடத்தில் எழுத்தில் ஜியாங் வரும். யூ, யீ, சுவோ, அர் என்று செவ்வியல் சீனத்திலிருந்து தங்கிவிட்ட ஒற்றையெழுத்துச் சொற்கள் வாக்கியத்தைக் கட்டிப் பிடித்திருக்கும். இவற்றை விதியாகப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு பொருள் வந்து மலைக்க வைக்கும். பத்திகளில் திரும்பத் திரும்பச் சந்தித்தால் எதன் பின்னால் எது வரும் என்று கண்ணுக்கே பழகிவிடும். சங்கப் பாடலில் வரும் இடைச்சொற்களை உரையோடு படித்துப் படித்துத்தானே பிடிக்கிறோம், அதே போலத்தான்.

எதைப் படிப்பது என்பதில் கவனம் வேண்டும். தேர்வுப் பத்திகள் அறிவியல் துணுக்குகள், வரலாற்றுச் சம்பவங்கள், மனித உறவு பற்றிய சிறு கட்டுரைகள் என்ற வகை. செய்தித் தளங்களின் அரசியல் செய்திகளும் வலைத்தொடர் நாவல்களும் வேறு வகை. தொடர் நாடகம் பார்ப்பது கேட்டல் பகுதிக்கு உதவும், எழுத்து நடைக்கு உதவாது. பார்த்த நேரத்தை இலக்கணப் படிப்பின் கணக்கில் எழுதாதீர்கள்.

மறைவான செலவு காலம். மூன்று மாதத்தில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், அதிலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். புரியாத சொல் அதிகமானால் இலக்கணம் கண்ணில் படாது. ஒரு வரியில் இரண்டு சொல்லுக்கு மேல் அகராதி தேடினால் அந்தக் கட்டுரை உங்களுக்கு இன்னும் கடினம், அடுத்ததைப் பாருங்கள்.

## கையில் எவ்வளவு காலம்?

ஆறு வாரம் என்றால் வினாத்தாள், பிழை வகை நோட்டு, வாரம் இரண்டு சுருக்கம். புதிய இலக்கண நூலைத் தொடவே தொடாதீர்கள்.

நான்கைந்து மாதம் இருந்தால் முதல் மாதத்தில் ஒரே ஒரு மாதிரித் தேர்வு எழுதி, மதிப்பெண் எந்தப் பகுதியில் கசிகிறது என்று பாருங்கள். எழுத்தில் என்றால் வாரம் ஒரு மணி நேரம் ஆசிரியர், மற்ற நாட்களில் வாசிப்பு. வாசிப்பில் என்றால் இலக்கணம் காரணமா, சொல் காரணமா என்று ஒவ்வொரு தவறான விடைக்கும் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் சொல்லாக இருக்கும், அப்போது இலக்கணத்துக்குச் செலவழிப்பது வீண்.

ஒரு வருடம் இருக்கிறவர் வாசிப்பை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, ஆறாவது மாதத்திலிருந்து ஆசிரியரைச் சேர்க்கலாம்.

கணினித் தேர்வா, தாள் தேர்வா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கணினியில் பின்யின் (சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் முறை) தட்டி எழுத்தைத் தேர்ந்தெடுக்கலாம், எழுத்துகளைக் கையால் எழுதிப் பழகும் நேரம் அத்தனையும் மிச்சம். அந்த நேரத்தை வாக்கியம் எழுதுவதில் போடலாம். ஆனால் மூன்று "த"-க்களும் தட்டும்போது ஒன்றாகத்தான் வரும், சரியானதைத் தேர்வது உங்கள் பொறுப்பு. சீனப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்காக எழுதுகிறவர்கள் மதிப்பெண் தேர்வு நாளிலிருந்து இரண்டு வருடம்தான் செல்லும் என்பதையும், பல படிப்புகள் 180க்குக் குறையாமல் கேட்கின்றன என்பதையும் பார்த்து நாளைக் குறியுங்கள். பதிவு செய்யும் மையத்தில் அந்தத் தேதிக்கு எந்த வடிவத்தில் தேர்வு நடக்கிறது என்று கேட்டு உறுதி செய்த பிறகு நூல் வாங்குங்கள்.